கொண்டு போகாத நாலு குப்பிகள்

1

போன வியாழக்கிழமை முப்பத்தெட்டுக் குப்பிகளை அழித்தேன். காலாவதியான சரக்கு, அழித்துவிட்டுக் கையெழுத்துப் போடவும் என்று தரக்கட்டுப்பாட்டுப் பிரிவிலிருந்து பட்டியல் வந்திருந்தது. எங்கள் நிறுவனத்தில் இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் அழிக்க வேண்டும், இன்னொருவர் அழித்ததைப் பார்த்தேன் என்று எழுத வேண்டும். ஜெர்மன்காரர்களுக்கு எதையும் ஒரு ஆள் சொன்னால் போதாது.

பார்க்க வந்தவர் பத்து வருடமாக என்னோடு வேலை செய்யும் உர்சுலா. குப்பி ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும். மைனஸ் எண்பது டிகிரிப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்ததும் பனி பூத்து வெளுத்துவிடும், விரலால் துடைத்தால்தான் லேபிள் தெரியும். கடைசிக் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றுவிட்டேன் போலிருக்கிறது. "ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டார். இல்லை, குளிர் என்றேன். பதினேழு வருடம் ஆகியும் மனசு கனத்துப்போனால் எனக்கு ஜெர்மன் வாயில் வராது. குளிர், பசி, நேரமாகிவிட்டது, இந்த மூன்றும்தான் வரும்.

பஸ்ஸில் வீடு திரும்பும்போதே முடிவு செய்தேன், இதை எழுதிவிடுவது என்று. ஒன்றரை வருடமாக யாருக்கும் முழுதாகச் சொல்லாத விஷயம். சொந்தக்காரர்களில் சிலருக்கு என்மேல் இன்னும் வருத்தம் இருக்கிறது. அவர்கள் கண்ணிலும் படட்டும்.

என் வேலை என்ன என்று ஊரில் யார் கேட்டாலும் "மருந்துக் கம்பெனி" என்று சொல்லி முடித்துவிடுவேன். அது சரியில்லை. நாங்கள் மருந்து செய்வதில்லை. நோயையும் மருந்தையும் ஆராய்கிறவர்களுக்கு வேண்டிய சாமான் செய்து கொடுக்கிறோம். மனித உடம்பில் மற்ற புரதங்களை வெட்டுகிற நொதிகள் பல உண்டு. அவற்றை உடம்புக்கு வெளியே, தொட்டியில் உண்டாக்குவதுதான் எங்கள் தொழில். மனித ஜீனைச் சீன வெள்ளெலியின் செல்லுக்குள் வைத்தால், அந்தச் செல் மனித நொதியைச் சுரக்கும். அதை வடித்து, சுத்தம் செய்து, குப்பியில் அடைக்க வேண்டும். வடிப்பதும் சுத்தம் செய்வதும் என் பொறுப்பு. ஒவ்வொரு குப்பியிலும் ஒரே வாசகம் ஒட்டுகிறோம்: ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதருக்குச் செலுத்தக் கூடாது.

அந்த முப்பத்தெட்டும் ஒரே நொதி. ஏடிஏஎம்டிஎஸ் பதிமூன்று என்று பெயர். பெயர்தான் வாயில் நுழையாது, அது செய்கிற வேலை எளிது. நம் ரத்தத்தில் நீள நீளமாக, நூல் போல, ஒட்டும் குணமுள்ள ஒரு புரதம் ஓடுகிறது. காயம் பட்டால் அடைக்க அது வேண்டும். ஆனால் அதை அளவாக நறுக்கிக்கொண்டே இருக்க ஒரு கத்தரி வேண்டும். இந்த நொதிதான் அந்தக் கத்தரி. கத்தரி இல்லாத உடம்பில் காயமே இல்லாமல் ரத்தம் துளித்துளியாகக் கட்டும், மயிரிழை போன்ற குழாய்களை அடைக்கும். மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகிற குழாய்கள் அடைபடும். கர்ப்பிணி என்றால் வயிற்றுப் பிள்ளைக்குப் போகிற ரத்தமும் நிற்கும்.

2

எனக்கு ஒரே தங்கை, பூங்கொடி. நாங்கள் ஜேடர்பாளையம் பக்கம். அம்மா அப்பாவுக்குச் சொந்த அத்தை மகள், எங்கள் பக்கத்தில் இது யாரும் நின்று யோசிக்கிற விஷயமில்லை. இருவரும் இப்போது இல்லை. பூங்கொடியைத் திருச்செங்கோட்டில் கொடுத்தோம். மாப்பிள்ளை கந்தசாமி ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி மூன்று வைத்திருக்கிறார். ராஜஸ்தான், சத்தீஸ்கர் என்று வருடத்தில் பாதி நாள் எங்காவது போர் போட்டுக்கொண்டிருப்பார். நல்ல மனிதர், கோபம் வந்தால் மட்டும் குரல் அவர் வண்டிக் கம்ப்ரசர் மாதிரி ஆகிவிடும்.

பூங்கொடிக்கு முதல் பிள்ளை ஆறாம் மாதம் வயிற்றிலேயே போனது. இரண்டாவது எட்டாம் மாதம். அப்போது அவளுக்கு வலிப்பும் வந்து, அவள் பிழைத்ததே பெரிது என்றார்கள். பி.பி. என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இரண்டு முறையும் நான் இங்கே ஆய்வகக் கோட்டைக் கழற்றாமல் படிக்கட்டில் உட்கார்ந்து ஃபோனில் அழுதேன். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை.

மூன்றாவது முறை அவளுக்கு வயது முப்பத்தைந்து. நாலாம் மாதம் பல் தேய்க்கும்போதெல்லாம் ரத்தம், தொட்ட இடமெல்லாம் கன்றிப்போனது. சேலத்தில் ரத்த நோய் பார்க்கும் ஒரு டாக்டரம்மா, பழைய ரிப்போர்ட்டுகளை எல்லாம் கொண்டுவரச் சொல்லித் தரையில் பரப்பி வைத்துப் பார்த்தாராம். "இது பி.பி. இல்லீங்க. மூணு தடவையும் வந்தது ஒரே நோய்தான்" என்று சொல்லி, ரத்தத்தை வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பினார்.

முடிவு வந்த அன்று மாப்பிள்ளை எனக்கு ஃபோன் செய்தார்.

"மச்சான், ரத்தத்துல ஏதோ ஒரு சத்து பொறவியிலயே இல்லீங்களாமா. இங்கிலீஷ்ல இருக்குது. எழுத்து எழுத்தாச் சொல்றேன், எழுதிக்கிறீங்ளா?"

"சொல்லுங்க மாப்ள."

"ஏ... டி... ஏ... எம்..."

நான் பேனாவை எடுக்கவே இல்லை. அவர் பதிமூன்று என்று சொல்லி முடிக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த வாரம் முழுக்க நான் சுத்தம் செய்துகொண்டிருந்த தொகுதியே அதுதான். என் கோட்டுப் பையில் இருந்த துண்டுச் சீட்டில் அதே எழுத்துகள் என் கையெழுத்தில் இருந்தன.

"எழுதிட்டீங்ளா மச்சான்?"

"எழுதிட்டேன் மாப்ள."

நாங்கள் அதைச் செய்கிறோம் என்று சொல்லவில்லை. சொன்னால் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும்.

டாக்டரம்மா வழி சொல்லியிருந்தார். இந்த நொதி எல்லார் ரத்தத்திலும் இருக்கிறது. ரத்தத்திலிருந்து பிரித்த மஞ்சள் நீரை, அதாவது பிளாஸ்மாவை, வாரம் தவறாமல் ஏற்ற வேண்டும். கடைசி மாதங்களில் வாரம் இரண்டு முறைகூட ஆகலாம். முதல் பை ஏற்றியபோது பூங்கொடிக்கு உடம்பெல்லாம் தடித்து மூச்சுத் திணறியது. அதற்கும் மருந்து கொடுத்துச் சமாளித்தார்கள். ஆனால் வீட்டில் எல்லாரும் பயந்துபோனார்கள்.

3

விஷயத்தை உடைத்தது என் மகள் யாழினி. அப்போது பதினாலு வயது. பள்ளியிலிருந்து பெற்றோரின் வேலையிடத்தைப் பார்த்துவர ஒருநாள் அனுப்புவார்கள். அப்படி வந்தவள், குளிர்பெட்டிக் குப்பிகளில் இருந்த பெயர்களை எல்லாம் படித்துப் பார்த்துச் சிரித்தாள். நான் பேசுகிற தமிழில் பாதி அவளுக்குப் புரியாது. ஆனால் ஒருமுறை படித்த பெயரை மறக்க மாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் அத்தையோடு வீடியோவில் பேசுவாள். அத்தையை "நீ, வா, போ" என்றுதான் பேசுவாள், அவளுடைய தமிழில் வேறு வழி கிடையாது. பூங்கொடிக்கு அது பிடிக்கும். "சொந்தத்துப் புள்ளைங்கள்ல என்னைய நீன்னு கூப்பிடறதுக்கு இவ ஒருத்திதான் இருக்கறா" என்பாள்.

அந்த ஞாயிறு பூங்கொடி தன் நோயின் பெயரைத் தட்டுத் தடுமாறிச் சொன்னதும் யாழினி துள்ளிக் குதித்தாள்.

"அத்தை, அது அப்பா பண்றாரு! அப்பா ஃப்ரிட்ஜ்ல நிறைய இருக்கு! நீ அழாத."

அந்தப் பக்கம் ஃபோன் கை மாறியது. மாப்பிள்ளையின் முகம் திரை முழுக்க வந்தது.

"அப்பாவக் கூப்பிடு சாமி" என்றார்.

4

"நெசமாங்க மச்சான்?"

நெசம்தான் என்றேன். ஏன் கொடுக்க முடியாது என்று விளக்க ஆரம்பித்தேன். ஊசியில் ஏற்றுகிற சுத்தம் வேறு, ஆய்வகச் சுத்தம் வேறு. ஒரு ஆளுக்கு வேண்டிய அளவுக்கு எங்கள் குப்பி நூற்றுக்கு மேல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. பிறந்ததிலிருந்து இந்த நொதியையே பார்க்காத உடம்பு, அழுக்கோடு வரும் நொதியை எதிரி என்று எடுத்துக்கொண்டு எதிர்க்கப் பழகிவிட்டால், அப்புறம் பிளாஸ்மா ஏற்றினாலும் கேட்காது. உள்ள ஒரு வழியும் அடைந்துபோகும்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்.

"மச்சான், ராஜஸ்தான்ல ஹேமர் ஒடஞ்சுதுன்னா இங்கிருந்து ஸ்பேர் அனுப்பறதுக்கு நான் யாருகிட்டயும் பர்மிசன் கேக்கறதில்லீங்க. அந்தப் பக்கம் எவன் வண்டி போனாலும் ஏத்தி உட்டர்றோம். மூணாம் நாள் அங்க தண்ணி வந்துருது. இதும் அப்படித்தானுங்க. இவ உடம்புல ஒரு ஸ்பேர் இல்ல, அது உங்க கையில இருக்குது."

"மாப்ள, அது..."

"இங்க ஏத்தறது யார் யாரு ரத்தத் தண்ணியோங்க. ஒரு பைக்கே அவளுக்கு மூச்சு நின்னு போச்சு. எங்கம்மா சோறு திங்காம உக்காந்திருக்குது. நீங்க செய்யறது சுத்தமானது."

"சுத்தமெல்லாம் இல்லீங்க. அது எலியில இருந்து வருது."

பின்னாலிருந்து அவருடைய அம்மாவின் குரல் கேட்டது. "எலியா?"

வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்போம். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. "எலியோ பெருச்சாளியோ, மச்சான் கையில செஞ்சதுன்னா எனக்குப் போதும்" என்றார்.

எங்கள் பக்கம் கட்டுச்சோறு விருந்து என்று ஒன்று உண்டு. மாசமாக இருக்கும் பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் வகைவகையாகச் சோறு கட்டிக்கொண்டு போய், சீர் வைத்து, விருந்து போட வேண்டும். அம்மா அப்பா இல்லாததால் பூங்கொடிக்குப் பிறந்த வீடு என்றால் நான்தான். மாப்பிள்ளை அதைத்தான் கடைசியாக எடுத்தார்.

"கட்டுச்சோத்துக்கு நீங்க பவுனு கொண்டார வேண்டாம், பட்டு கொண்டார வேண்டாம். பொறந்த ஊட்டுச் சீரா இதையக் கொண்டாங்க. நம்ம ரிக் ஓனர் ஒருத்தரு பையன் உங்க ஊருப் பக்கந்தான் படிக்கறான், அடுத்த மாசம் லீவுக்கு வாரான். ஐஸ்ல வெச்சுக் குடுத்தனுப்புங்க. ஊசி போடறதுக்கு இங்க ஒரு கம்பவுண்டர்கிட்டப் பேசி வெச்சிருக்கேன். டாக்டரம்மாவுக்குத் தெரிய வேண்டாம்."

ஒரு பெண்ணுக்குப் பிறந்த வீட்டுச் சீர் வராமல் போவது எங்கள் ஊரில் என்ன அவமானம் என்று தெரிந்தவர்களுக்கு, அந்த நிமிடம் என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நேர்வழி எதுவும் இல்லையா என்று தேடினேன். இதே நொதியை முறையாக மருந்தாகவே செய்கிறவர்கள் இருக்கிறார்கள். கெஞ்சிக் கடிதம் எழுதினேன். ஜெர்மனில் ஒரு விண்ணப்பம், ஆங்கிலத்தில் ஒன்று, டாக்டரம்மாவின் கையெழுத்தோடு இணைப்புகள். நோயாளியோடு உங்கள் உறவு என்ன என்ற கட்டத்தில் "அண்ணன்" என்று எழுதினேன். கணவர், பெற்றோர், சட்டப்படியான காப்பாளர் ஆகியோர் மட்டுமே விண்ணப்பிக்கலாம் என்று திரும்பி வந்தது. மாப்பிள்ளை பெயரில் மறுபடி அனுப்பினேன். கர்ப்பிணிகளுக்குத் தனிக் குழு கூடி முடிவெடுக்கும் என்று பதில் வந்தது. குழு எப்போது கூடும் என்று கேட்டதற்கு, தங்கள் பொறுமைக்கு நன்றி என்று எழுதியிருந்தார்கள்.

இடையில் பூங்கொடியின் ரத்தத்தில் பிளேட்லெட் என்கிற தட்டணுக்கள் இறங்கிக்கொண்டிருந்தன. ரத்த வங்கியில் அவளுடைய பி பிரிவுக்குப் பிளாஸ்மா தட்டுப்பாடு. ஒரு வாரம் பை கிடைக்காமல் தள்ளிப்போனது.

அந்த வாரத்துப் புதன்கிழமை நான் நாலு குப்பிகளைத் திருடினேன். அளவு சரிபார்க்க எடுத்தது என்று பதிவேட்டில் எழுதிவிட்டு, மதிய உணவு டப்பாவில் ஐஸ் பொட்டலத்தோடு வைத்து எடுத்து வந்தேன். வீட்டு ஃப்ரிட்ஜின் உறைபெட்டியில் கறிவேப்பிலைப் பொட்டலத்துக்குப் பின்னால் ஒளித்தேன். இதைப் படித்து யாராவது உர்சுலாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னால் சொல்லட்டும்.

அறிவுள்ளவன்தான். அதுவரை நான் மாப்பிள்ளைக்குச் சொன்னது ஒவ்வொன்றும் எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் எடுத்தேன். என் தங்கைக்கு இல்லாதது என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கும்போது, தெரிந்ததெல்லாம் எங்கோ போய்விட்டது.

சனிக்கிழமை காலை என் மனைவி ஜெசிந்தா கறிவேப்பிலை எடுக்கப் போய்ப் பார்த்துவிட்டாள். அவள் அயோத்தியாப்பட்டணத்துக்காரி, இங்கே முதியோர் இல்லத்தில் நர்ஸ். குப்பிகளை மேசைமேல் வரிசையாக வைத்தாள். சத்தம் போடவில்லை.

"இத யாருங்க ஊசி போடுவாங்க?"

"அங்க ஒரு கம்பவுண்டர்..."

"அவர் பேரு என்ன?"

எனக்குத் தெரியவில்லை.

"நான் ஒரு மாத்திரை குடுக்கணும்னாலும் பேர் எழுதிக் கையெழுத்துப் போடறேன். பேரே தெரியாத ஒருத்தர் கையில பூங்கொடியக் குடுக்கறீங்களா? உங்க தங்கச்சிக்கு ஏதாவது ஆச்சுன்னா அவர் ஓடிருவார். நீங்க எங்க ஓடுவீங்க?"

பாத்திரம் கழுவும் தொட்டியில் பிளீச்சிங் கரைசல் ஊற்றி, நாலு குப்பிகளையும் அதில் கவிழ்த்தேன். யாழினி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் அத்தைகிட்ட சொன்னது தப்பா?" என்று ஜெர்மனில் கேட்டாள். தப்பில்லை என்று நானும் ஜெர்மனில்தான் சொன்னேன். அவள் நம்பவில்லை.

5

அன்றே மாப்பிள்ளையை அழைத்து, வராது என்று சொன்னேன். திருடியதையோ கொட்டியதையோ சொல்லவில்லை. ஆகாது என்று மட்டும் சொன்னேன்.

"உங்க தங்கச்சி போனாப் பரவால்ல, உங்க வேலை போகக் கூடாது. அப்படித்தானுங்க மச்சான்?"

கோபத்திலும் அந்த "ங்க" போகவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. அதற்குப் பிறகு என் ஃபோனை அவர் எடுக்கவில்லை. சொந்தத்தில் இரண்டு மூன்று பேர் கூப்பிட்டுத் திட்டினார்கள். மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு தங்கையைச் சாகவிடுகிறவன் என்று ஒரு வாட்ஸ்அப் குழுவில் பெயர் எடுத்தேன்.

பூங்கொடி மட்டும் எப்போதும்போல் பேசினாள். யாழினி ஏன் முடியை வெட்டிக்கொண்டாள், அங்கே பனி விட்டதா, ஜெசிந்தா அண்ணிக்கு முதுகுவலி எப்படி இருக்கிறது. குப்பியைப் பற்றி ஒரு நாளும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதை அவள் கோபம் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். அவள் கேட்டிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். கேட்காத கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது?

மாப்பிள்ளை எடுக்காத ஃபோனுக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினேன். எத்தனையோ முறை அழித்து அழித்துப் பேசியது.

"மாப்ள, நீங்க கேட்ட ஸ்பேர் எங்கிட்ட மட்டும் இல்லீங்க. உங்க வண்டியில இருக்கற டிரில்லருக்கிட்ட இருக்குது, டிரைவருக்கிட்ட இருக்குது, கிளீனருக்கிட்ட இருக்குது. அவங்க ரத்தத்துல ஓடறது நான் செய்யறத விட நல்ல சரக்குங்க. எந்தக் கம்பெனியாலயும் அவ்வளவு சுத்தமாச் செய்ய முடியாது. பி குரூப்பு ஆளுங்களாப் பாருங்க."

பதில் வரவில்லை. அப்புறம் நடந்ததைப் பூங்கொடிதான் சொன்னாள்.

அந்த வாரம் திருச்செங்கோட்டுத் தேர். எந்த மாநிலத்தில் ஓடிக்கொண்டிருந்தாலும் தேருக்கு வண்டிகள் ஊர் திரும்பிவிடும். மாப்பிள்ளை தன்னுடைய மூன்று வண்டி ஆட்களை மட்டுமல்ல, தெரிந்த ஓனர்களின் ஆட்களையும் வரவழைத்து, பி குரூப்பு யார் யார் என்று பிரித்தாராம். ஒருவர் ரத்தம் கொடுத்தால் அடுத்து மூன்று மாதம் கொடுக்கக் கூடாது. ஆகவே ரிக்கில் ஆள் மாற்றுவது போலவே ஷிப்டு போட்டுவிட்டார்.

"காலண்டர் பின்னால எழுதி ஒட்டியிருக்காருண்ணா. இந்த வாரம் ரெண்டு பேரு, அடுத்த வாரம் மூணு பேரு. வண்டி வெளியூர் போனாலும் கொடுக்கற தேதிக்கு ஆளு சேலத்துல நிக்கணுமாமா. இல்லீன்னா வண்டியே எடுக்க மாட்டாராமா."

அவர்களில் பாதிப் பேர் ஒடிசா, சத்தீஸ்கர் பக்கத்துப் பையன்கள். அவர்கள் கொடுக்கிற ரத்தம் நேராக இவளுக்கு வராது என்று எனக்குத் தெரியும். வங்கி எடுத்துச் சோதித்து இருப்பில் சேர்த்துக்கொண்டு, அதற்கு ஈடாக வேறு பை கொடுக்கும். யாருடையது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் மாப்பிள்ளையின் அம்மா அப்படி நினைக்கவில்லை. யார் யாரு ரத்தமோ என்று சோறு திங்காமல் உட்கார்ந்திருந்தவர், கொடுத்துவிட்டு வருகிறவர்களை எல்லாம் வீட்டுக்கு வரச்சொல்லிக் கோழி அடித்துச் சோறு போட்டாராம். "இவன் நம்மூட்டுப் புள்ளைக்கு ரத்தங் குடுத்தவன்" என்று ஆளைக் காட்டிப் பக்கத்து வீட்டாரிடம் சொன்னாராம். அந்த நம்பிக்கையைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

6

எட்டாம் மாதம் ஊருக்குப் போனேன். சேர்த்துவைத்த விடுமுறை எல்லாவற்றையும் ஒன்றாகக் கேட்டு, காரணம் என்ற இடத்தில் குடும்பம் என்று எழுதி, ஐந்து வாரம் வாங்கினேன். யாழினிக்குப் பள்ளி, ஜெசிந்தாவுக்கு வேலை. தனியாகத்தான் போனேன்.

கட்டுச்சோறு விருந்தைச் சுருக்கமாக வீட்டிலேயே வைத்தோம். எனக்குச் சமைத்துக் கொடுக்க ஆளில்லை, மெஸ்ஸில் சொல்லி ஐந்து வகைச் சோறு கட்டிக்கொண்டு போனேன். பட்டும் பவுனும் வைத்தேன். மாப்பிள்ளை வாசலில் நின்று "வாங்க" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. தட்டைக்கூட அவர் அம்மாதான் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் பூங்கொடியோடு சேலம் போனேன். டாக்டரம்மா எனக்கும் அந்தச் சோதனை செய்ய வேண்டும் என்றார். ஒரே அப்பா அம்மாவுக்குப் பிறந்தவர்கள், பூங்கொடிக்கு அம்மா வழி, அப்பா வழி இரண்டிலும் பழுது வந்தது போல் எனக்கும் வந்திருக்கலாம். முடிவு வந்தபோது எனக்கு அந்த நொதி பாதி அளவு இருந்தது. "பாதி போதும், உங்களுக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். ஒரு பழுதோடு நான் தப்பித்தேன், இரண்டும் சேர்ந்து அவளுக்குப் போனது. அதில் யாருடைய தப்பும் இல்லை. ஆனாலும் அன்று அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

ரத்த வங்கியில் நானும் படுத்தேன். பக்கத்துக் கட்டிலில் ஒடிசாக்காரப் பையன் ஒருவன், மாப்பிள்ளை வண்டி டிரில்லர். கொங்குத் தமிழில் வெளுத்துக் கட்டினான்.

"போன மாசமே வந்தனுங்க. மூணு மாசம் ஆவுலன்னு தொரத்தியுட்டுட்டாங்க. இன்னிக்கு எடுத்துக்கறாங்க. அக்காவுக்குப் பரவால்லீங்ளா?"

பரவாயில்லை என்றேன். நீங்கள் யார் என்று கேட்டான். அவள் அண்ணன் என்றதும் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தான். என்னைப் பற்றி அவனும் கேள்விப்பட்டிருப்பான். விட்டத்தைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

எழுந்தபோது தலை சுற்றியது. யாரோ தோளைப் பிடித்து உட்கார வைத்துக் கையில் மாம்பழ ஜூஸைத் திணித்தார்கள். நிமிர்ந்து பார்த்தால் மாப்பிள்ளை.

"ஒடனே எந்திரிக்காதீங்க மச்சான்" என்றார்.

பத்து நாளில் அறுவை செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண். இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. அழுதது, எல்லாரும் அழுதோம். ஆனால் இரண்டாம் நாள் பூங்கொடியின் தட்டணுக்கள் சரசரவென்று இறங்கின. பேச்சு குழறியது, என்னை அப்பா என்று கூப்பிட்டாள். டாக்டரம்மா பை மேல் பை ஏற்றச் சொன்னார். வங்கியிலிருந்து ஐஸ் பெட்டியில் பைகளைக் கொண்டுவர மாப்பிள்ளை கந்தசாமியும் நானும் மாறி மாறி ஓடினோம். அந்த இரண்டு நாளில் அவரும் நானும் பேசியதெல்லாம் "வந்துருச்சா", "வந்துருச்சு" என்ற இரண்டு வார்த்தைதான். மூன்றாம் நாள் காலை அவள் கண் விழித்து, யாழினியிடம் குழந்தையைக் காட்டினீர்களா என்று தெளிவாகக் கேட்டாள். கந்தசாமி வெளியே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இனி ஆயுள் முழுக்க அவளுக்கு மாதம் இரண்டு முறை பிளாஸ்மா ஏற்ற வேண்டும். மருந்து எங்கள் ஊருக்கு வரும் நாள் வந்தால் அது வேறு. அந்த மருந்துக் கம்பெனியின் குழு இன்னும் பதில் எழுதவில்லை.

நான் கிளம்புவதற்கு முதல் நாள் முற்பகல், ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பை ஏறிக்கொண்டிருந்தது. குழந்தை பக்கத்தில் தூங்கியது. அறையில் வேறு யாரும் இல்லை. இதைச் சொல்லாமல் விமானம் ஏற முடியாது என்று தோன்றியது.

"கொடி, நான் அதை எடுத்தேன். நாலு குப்பி. திருடித்தான் எடுத்தேன். மூணு நாள் ஊட்ல வெச்சிருந்துட்டு, அப்பறம் தொட்டியில கொட்டிட்டேன்."

அவள் திடுக்கிடவில்லை. குழந்தையின் துணியைச் சரி செய்தாள்.

"நீ எடுத்திருப்பன்னு தெரியும்ண்ணா."

"நீ எங்கிட்டக் கேக்கவே இல்லியே. உனக்குக் கோவம்னு நெனச்சேன்."

"கோவமா?" என்றாள். "அவரு கேட்டா உன்னால மாட்டேன்னு சொல்ல முடியும். நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தா நீ கொண்டாந்திருப்ப. நல்லதோ கெட்டதோ, கொண்டாந்திருப்ப. அதுக்குத்தான் நான் வாயே தெறக்கல."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சத்தமாக அழுதுவிட்டேன். நர்ஸ் ஓடிவந்து, ஊசி போட்ட கையை ஆட்டாதீங்க சார் என்று திட்டினார்.